ஒரு தந்தியை எப்போது ஓய விடுவது?

போன பிப்ரவரியிலிருந்து நாலே நாலு ஸ்வரங்களை வாசித்துக்கொண்டிருக்கிறேன். மற்றதையும் வாசிக்கிறேன்தான். ஆனால் ராத்திரி சாப்பிட்டு முடித்து லூட்டை (பழைய ஐரோப்பாவின் தந்திவாத்தியம்) கையில் எடுத்தால் முதல் கால் மணி நேரம் அந்த நாலுக்கே போய்விடுகிறது. நேற்று சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "என்னங்க, இன்னும் அந்த நாலு ஸ்வரம்தானா? அஞ்சாவது எப்ப வரும்?"

அந்த நாலும் நானூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலேய லூட் கலைஞர் ஜான் டௌலண்டின் 'லாக்ரிமே' பவானின் தொடக்கம். லாக்ரிமே என்றால் லத்தீனில் கண்ணீர். பவான் நிதானமாக நடக்கிற ஒரு நடன வடிவம். ஜி, எஃப், ஈ-ஃப்ளாட், டி என்று மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கும். அவ்வளவுதான் விஷயம். 1600-ல் டௌலண்ட் இதற்கு வரிகள் சேர்த்துப் பாட்டாக அச்சிட்டார். 1604-ல் இதையே விதையாக வைத்து வயல் என்கிற வில் வாத்தியங்களுக்கும் லூட்டுக்குமாக ஏழு பவான்கள் எழுதினார். பர்ட், ஃபார்னபி, ஸ்வீலிங்க் என்று அந்தக் காலத்துப் பெரிய ஆட்கள் இதை எடுத்துத் தங்கள் விசைப்பலகைகளுக்கு மாற்றிக்கொண்டார்கள். ஐரோப்பா முழுக்க ஒரு தலைமுறையே இந்த நாலு ஸ்வரத்தை முணுமுணுத்திருக்க வேண்டும்.

லூட்டில் இதை வாசிக்கும்போது ஒரு சின்னச் சங்கடம் இருக்கிறது. முதல் ஸ்வரமான ஜி, மேல் தந்தியில் விரலே வைக்காமல் வெறுமனே மீட்டுவது. அடுத்து வரும் எஃப் பக்கத்துத் தந்தியில் மூன்றாவது மெட்டில் இருக்கிறது. (விரல் வைக்கக் கழுத்தின் குறுக்கே இருக்கும் கட்டுதான் மெட்டு. மெட்டு, பிரடை எல்லாம் வீணைக்காரர்களின் சொற்கள். நம்மிடம் நல்ல சொல் இருக்கும்போது எதற்கு வேறு தேட?) நான் எஃப்பை மீட்டும்போது முதல் தந்தி ஜி-யிலேயே அதிர்ந்துகொண்டிருக்கும். அதை யாரும் நிறுத்தவில்லையே. பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் இரண்டும் ஒன்றோடொன்று உரசும்.

நான் பல வருஷம் கிடார் வாசித்துவிட்டு லூட்டுக்கு வந்தவன். என் கை இந்த உரசலைக் கேட்கவே விடாது. எஃப்பில் விரல் இறங்கும்போதே விரலின் அடிப்பக்கம் முதல் தந்தியைத் தொட்டு அணைத்துவிடும். சுத்தமாக வாசிக்கிறேன் என்று அதில் எனக்கு உள்ளூரப் பெருமைகூட. ஆசிரியரிடம் முதல் தடவை வாசித்துக் காட்டியபோது அவர் கேட்டது இதைத்தான்: "அந்த ஜி-யை நிறுத்தினீர்களே, அது நீங்கள் முடிவு செய்ததா, இல்லை உங்கள் கை முடிவு செய்ததா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் தன் லூட்டை எடுத்து மூன்று விதமாக வாசித்தார். முதலில் என்னைப் போலவே, எஃப் வந்த கணத்தில் ஜி-யை வெட்டி. அடுத்து ஜி-யைத் தொடவே இல்லை. அது பாட்டுக்கு ஒலித்துத் தானாகத் தேய்ந்தது, எல்லாம் கலங்கலாக இருந்தது. மூன்றாவது தடவை எஃப்போடு ஜி-யை ஒரு நொடி உரச விட்டு, அப்புறம் அணைத்தார். ஒரு நொடிகூட இருக்காது. கண்ணில் கட்டி நிற்கிற நீர் உடனே விழாமல் இமையோரம் தயங்குமே, அந்த அளவு. எனக்கு முதுகில் சிலிர்த்தது.

எது சரி என்று கேட்டேன். "டாப்லேச்சரில் போட்டிருக்கிறதா பாருங்கள்" என்றார். போட்டிருக்கவில்லை.

டாப்லேச்சர் என்பது லூட்டுக்காரர்களின் எழுத்துமுறை. இன்ன ஸ்வரம் என்று சொல்லாது. இன்ன தந்தியில் இன்ன மெட்டில் விரலை வை என்று மட்டும் சொல்லும். பிரெஞ்சு முறையில் எழுத்துகள், இத்தாலிய முறையில் எண்கள். ஆங்கிலேயர்கள் பிரெஞ்சு முறையையே எடுத்துக்கொண்டார்கள். மேலே கொடிக்கம்பம் மாதிரி சில குறிகள் இருக்கும், அடுத்த மீட்டலுக்கு எவ்வளவு நேரம் என்று காட்ட. 1507-ல் வெனிஸில் பெட்ருச்சி அச்சிட்ட ஸ்பினாச்சினோவின் தொகுப்புகளிலிருந்து நூறு வருஷத்துக்கு மேல் இந்த இசை இப்படித்தான் அச்சாகியிருக்கிறது, இப்படித்தான் கையால் படியெடுக்கப்பட்டிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஒரு ஸ்வரம் எப்போது தொடங்குகிறது என்பதை டாப்லேச்சர் துல்லியமாகச் சொல்லும். எப்போது முடிகிறது என்று பெரும்பாலும் சொல்லாது. மூன்று குரல்கள் பின்னிப் பின்னிப் போகிற ஒரு ஃபாண்டசியாவில் (கற்பனைப் போக்கில் அமைந்த உருப்படி) கீழ்க்குரலின் ஒரு ஸ்வரத்தை எவ்வளவு நேரம் கார்வையாகப் பிடித்துவைப்பது, எந்தக் கணத்தில் விட்டுவிடுவது என்பதெல்லாம் வாசிப்பவன் பாடு. பலமாக, மெல்ல, வேகமாக, நிதானமாக என்கிற குறிப்புகளும் அநேகமாகக் கிடையாது. உணர்ச்சி என்று நாம் எதைச் சொல்கிறோமோ, ஏறக்குறைய அவ்வளவும் காகிதத்துக்கு வெளியே இருக்கிறது.

லூட்டின் ஒலியோ சட்டென்று ஓய்ந்துவிடும். உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாத உடம்பு, மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிச் செய்தது. ஆட்டுக் குடலில் திரித்த தந்திகள், இரட்டை இரட்டையாக. மேல் தந்தி மட்டும் பெரும்பாலும் ஒற்றை. மெட்டுகள்கூடக் குடல்நரம்பைக் கழுத்தில் சுற்றிக் கட்டியவைதான். வயலின் மாதிரி ஒரு ஸ்வரத்தை இழுத்துப் பெருக்க முடியாது. மீட்டிய கணமே அது சாகத் தொடங்குகிறது. ஆக வாசிப்பவன் கையில் மிஞ்சுவது, எந்த ஸ்வரத்தை எவ்வளவு நேரம் உயிரோடு வைத்திருப்பது என்கிற ஒரே அதிகாரம்தான். இது என் சொந்தக் கருத்து. கற்றவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் 1517 வாக்கில் வெனிஸில் எழுதப்பட்ட கப்பிரோலா என்கிற லூட் கலைஞரின் கையேட்டிலும் இதே விஷயம்தான் பெரிய ரகசியமாகச் சொல்லப்படுகிறது: வேறொரு ஸ்வரம் வந்து கிளப்பும்வரை வைத்த விரலை எடுக்காதே.

அந்தக் கையேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பிரோலாவின் மாணவர் ஒருவர் தன் குருவின் உருப்படிகளைப் படியெடுத்து, ஓரமெல்லாம் பறவைகளும் விலங்குகளுமாக வண்ணத்தில் வரைந்து வைத்தார். காரணத்தையும் அவரே எழுதியிருக்கிறார். பின்னால் இது இசை தெரியாதவன் கையில் கிடைத்தாலும் படத்துக்காகவாவது தூக்கிப்போடாமல் வைத்திருப்பானாம். இப்போது சிகாகோவில் நியூபெரி நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆளின் கணக்கு தப்பவில்லை.

சரி, ரசனைச் சண்டைக்கு வருவோம்.

நான் முதன்முதலில் லூட் கேட்டது ஆங்கிலேயக் கிடார் கலைஞர் ஜூலியன் பிரீம் வாசித்த ஒலிப்பதிவில். கிடார் கற்றவர்கள் பலருக்கும் அப்படித்தான். 1950களிலும் 60களிலும் டௌலண்டை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனவர் அவர். தந்திகள் கட்டியிருக்கும் பாலத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்க் கணீரென்று ஒரு வரி, உடனே நடுவுக்கு வந்து பஞ்சு மாதிரி ஒரு வரி. இடதுகை விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்க விடுவார். முடிவுகளில் அப்படி ஒரு தாமதம். கேட்டால் யாருக்கும் உருகும். லாக்ரிமேயை அவர் கையில் கேட்டுவிட்டுத்தான் நான் லூட்டுக்கு வந்தேன், அந்தக் கடன் தீராது.

பின்னால்தான் தெரிந்தது, லூட் உலகத்தில் அவர் பேரைச் சொன்னாலே சிலர் ஒரு புன்னகை புன்னகைப்பார்கள் என்று. அவர் நகத்தால் மீட்டினார். கிடார்க்காரரின் கை. வாத்தியமும் பழைய லூட்டுகளைவிடக் கனமாகக் கட்டியது, உலோக மெட்டுகள் போட்டது. பிறகு வந்தவர்கள் பழைய ஓவியங்களையும் பாடநூல்களையும் பார்த்துப் பார்த்து, விரல்சதையால் மீட்டி, லேசான வாத்தியத்தில் வாசித்தார்கள். 90களில் டௌலண்டின் லூட் தனியுருப்படிகளை ஐந்து வட்டுகளாக வெளியிட்ட பால் ஓடெட், அப்புறம் நைஜல் நார்த், ஹாப்கின்சன் ஸ்மித் என்று ஒரு வரிசை. யாக்கப் லிண்ட்பெர்க் வாசிக்கிற லூட்டே 1590 வாக்கில் ஆக்ஸ்பர்க்கில் ராவ்வோல்ஃப் செய்தது.

நானும் நகத்தை வெட்டிக்கொண்டேன். கூடவே பிரீமின் உருக்கத்தையும் வெட்டிவிட்டேன் என்பதுதான் கோளாறு. ஒரு மூன்று வருஷம் எதையுமே 'செய்யாமல்' வாசித்தேன். தாளம் பிசகாமல், பலம் மாறாமல், குறித்தது குறித்தபடி. அதற்குப் பெயர் அடக்கம், மறுமலர்ச்சிக் காலத்தின் நிதானம் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் தையல் மெஷின். அந்த மாதிரி வாசிக்கிறவர்கள் என்னைத் தவிரவும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது பழைய காலத்தின் ரசனை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரொமாண்டிக் காலத்து வழக்கங்களைக் கண்டு பயந்துபோன இருபதாம் நூற்றாண்டின் ரசனை அது.

ஏனென்றால் பழைய ஆட்களைப் படித்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. 1536-ல் வலென்சியாவில் லூயிஸ் மிலான் ஒரு புத்தகம் போட்டார், விவேலாவுக்கு. விவேலா உருவத்தில் கிடார் போல இருந்தாலும் சுருதி அமைப்பு லூட்டுடையதுதான், அதனால் நாங்கள் கூச்சமில்லாமல் எடுத்து வாசிக்கிறோம். அதில் சில ஃபாண்டசியாக்களுக்கு முன்னால் அவரே குறிப்பு எழுதுகிறார்: பல ஸ்வரங்கள் கார்ட்டுகளாகச் சேர்ந்து ஒலிக்கும் இடங்களை நிதானமாக வாசி, ஓட்டங்களை வேகமாக வாசி, முத்தாய்ப்புக் குறி உள்ள இடத்தில் கொஞ்சம் நில். தாளக் கட்டைவிட ஒய்யாரத்துக்குத்தான் இதில் மதிப்பு என்றும் சொல்கிறார். காலப்பிரமாணத்தை அங்கங்கே வளைத்துக்கொள்ளலாம் என்பதற்கு, எழுதியவரே தந்த அனுமதி. அதைப் படித்த அன்று தாளம் தட்டுகிற என் மெட்ரோனோமை அலமாரியில் வைத்தேன். அடுத்த வாரம் எடுத்துவிட்டேன், அது வேறு விஷயம்.

அப்புறம் தாமஸ் ராபின்சன். 1603-ல் லண்டனில் வந்த அவருடைய பாடநூல் ஒரு உரையாடல். தன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஆள் தேடுகிற, நைட் பட்டம் பெற்ற ஒரு கனவான், சொல்லித்தர வந்திருக்கும் டிமோத்தியஸ் என்கிற ஆசிரியர், இந்த இருவரின் பேச்சு. அதில் உணர்ச்சியோடு வாசிப்பது எப்படி என்று ஒரு இடம் வருகிறது. நான் பென்சிலால் கோடு போட்டு, அதன் மேல் மறுபடி கோடு போட்டு வைத்திருக்கும் இடம். மேல்வரியின் ஓட்டங்களை நாலு நாலு ஸ்வரமாகப் பிரித்து, முதலில் உரக்க, பிறகு மெல்ல, இப்படி மாறி மாறி வாசி என்கிறார். உடனே ஒரு கடிவாளம்: இரண்டிலும் எல்லைக்குப் போகாதே. எவ்வளவு உரக்க, எவ்வளவு மெல்ல என்பதைக் கூட வாசிக்கும் வாத்தியங்களையும் கேட்பவர் இருக்கிற தூரத்தையும் பார்த்து முடிவு செய்.

இந்தக் கடைசி வார்த்தை எனக்கு மிகவும் பிடித்தது. கேட்பவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று பார்! உணர்ச்சியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டு, ஆத்மா அது இது என்று போகாமல், அறை எவ்வளவு பெரிது என்று கேட்கிறார் மனிதர். என் வீட்டு வரவேற்பறையில் மூன்றடி தள்ளி ஒருவர் உட்கார்ந்திருந்தால், பிரீம் பெரிய அரங்கத்தின் கடைசி வரிசைக்காகச் செய்ததை நான் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. பிரீமைக் குறைசொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவரைக் கேட்பவர்கள் தூரத்தில் இருந்தார்கள்.

மிலானோ நகரத்து விருந்து ஒன்றைப் பற்றி 1555-ல் போன்டுஸ் தெ தியார் என்கிற பிரெஞ்சுக்காரர் எழுதியதை லூட்காரர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது மேற்கோள் காட்டிவிடுவார்கள், நானும் விடுவதாக இல்லை. ஃபிரான்செஸ்கோ தா மிலானோ வாசிக்கிறார். போப்புகளின் அவையில் இருந்தவர், தெய்வீகர் என்றே அவரை அழைத்தார்கள், நூற்றுக்கும் மேல் ஃபாண்டசியாக்கள் கிடைத்திருக்கின்றன. விருந்து முடிந்து மேஜை எடுக்கிற நேரம், ஒரு லூட்டை வாங்கி, சுருதி சரிபார்ப்பது போலத் தடவிக்கொண்டே ஒரு ஃபாண்டசியாவைத் தொடங்குகிறார். மூன்றாவது தொடுகையிலேயே பேச்சு நின்றுவிடுகிறதாம். தந்திகள் அவர் விரலடியில் துவண்டு வாடுகின்றன. ஒருவர் கையில் தலையைச் சாய்த்துக்கொள்கிறார், இன்னொருவர் உடம்பைத் தளர்த்திப் போட்டுக்கொண்டு வாய் பிளந்து கிடக்கிறார். பிறகு வேறு மாதிரி மீட்டி எல்லோரையும் நினைவுக்குக் கொண்டுவருகிறார். தியார் இதைக் கேள்விப்பட்டுத்தான் எழுதுகிறார், விருந்தில் இருந்த நண்பர் சொன்னாராம். கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார்கள். இருக்கட்டும். தந்தி துவள்வது என்று ஒருத்தர் அதைக் கேட்டிருக்கிறார், அதுதான் எனக்கு வேண்டியது. தையல் மெஷினைக் கேட்டு யாரும் வாய் பிளந்து கிடக்க மாட்டார்கள்.

ஆக உணர்ச்சியும் வேண்டும், எல்லைக்கும் போகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறதுதான் ரசனை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கையில் அது எப்படி வருகிறது என்பதுதான் பாடு.

அலங்காரங்களில் நான் நிறைய அடிபட்டேன். தையல் மெஷின் காலம் முடிந்ததும் ஒரு கமக காலம் வந்தது எனக்கு. ஜேன் பிக்கரிங் என்ற பெண் 1616-ல் எழுதிவைத்த லூட் நோட்டு இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் பார்த்தால் பல ஸ்வரங்களுக்குப் பக்கத்தில் அலங்காரக் குறிகள். எந்தக் குறிக்கு என்ன அர்த்தம் என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். நான் வாதத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை, குறி இருந்த இடத்திலெல்லாம் நடுக்கினேன், இல்லாத இடத்திலும் நடுக்கினேன்.

ராபின்சனிடம் இதற்கும் மருந்து இருக்கிறது. ஒரு ஸ்வரம் எவ்வளவு நீளமோ அந்த அளவுக்கு அதற்கு அலங்காரம் வேண்டும் என்கிறார். காரணமும் சொல்கிறார்: அழகுக்கு மட்டும் இல்லை, ஸ்வரம் தன் முழு நேரமும் ஒலிக்க அது உதவுகிறது. வேகமான இடத்தில் ஒரு சின்னத் தீண்டல் போதும். இதைப் படித்ததும் எனக்கு விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. அலங்காரம் என்பது ஓய்ந்துகொண்டிருக்கிற தந்திக்குக் கொடுக்கிற மூச்சு. அப்படியானால் ஓயாத இடத்தில் அது எதற்கு? வேகமான வரிகளில் நான் போட்டுவைத்திருந்த நடுக்கங்களில் முக்கால்வாசி அன்றைக்கே உதிர்ந்துவிட்டன.

1610-ல் டௌலண்டின் மகன் ராபர்ட் வெளியிட்ட தொகுப்பில் ஜான் பாப்டிஸ்ட் பெசார்ட் என்கிற லூட் கலைஞரின் பாடக் குறிப்புகள் ஆங்கிலத்தில் வந்தன. அலங்காரம் என்ற இடம் வந்ததும் அவர் கையை விரித்துவிடுகிறார். இதற்கு விதி சொல்லலாம்தான், ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இது அடங்காது, தேர்ந்த ஒருவரைப் பார்த்துச் செய், இல்லாவிட்டால் நீயே பழகிக் கண்டுபிடி. கூடவே ஒரு எச்சரிக்கை, நடுக்கத்தை அதிகம் போட்டு ஸ்வரத்தின் முழுமையைக் கெடுத்துவிடாதே. வீட்டில் பாட்டு வாத்தியாரிடம் அடி வாங்கிக் கற்ற யாருக்கும் இந்தப் பேச்சு புதிதாக இருக்காது. அதற்காக இதையும் கர்நாடக கமகத்தையும் ஒன்று என்று சொல்லிவிட மாட்டேன். ஒரு தடவை அப்படி நினைத்துக்கொண்டு ஜி-யை மெட்டில் இழுத்து அசைத்துப் பார்த்தேன். மெல்லிய குடல்தந்தி அது. பட்டென்று அறுந்து கன்னத்தில் அடித்தது. ராபின்சன் சுருதி சேர்க்கச் சொல்கிற விதமே 'அறுந்துவிடுமோ என்று பயப்படும்வரை மேல்தந்தியை ஏற்று' என்பதுதான். அவ்வளவு விறைப்பில் இருப்பதை இழுத்தால் வேறு என்ன ஆகும்?

அதிகப்படி அலங்காரம் அந்தக் காலத்திலும் ஒரு நோய்தான் போல. டௌலண்ட் 1612-ல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தின் முன்னுரை முழுக்க ஒரே புலம்பல். அதில் சில பாடகர்களைப் பிடித்துக் காய்ச்சுகிறார்: கண்மூடித்தனமாக ஸ்வரங்களை உடைத்துப் பிருகா போடுவதில் கெட்டிக்காரர்கள், மற்றபடி ஒன்றும் தெரியாதவர்கள் என்று. கவனியுங்கள், இதைச் சொல்கிற டௌலண்டே லாக்ரிமேயில் ஒவ்வொரு பகுதியையும் ஒரு தடவை நேராகச் சொல்லிவிட்டு, திரும்பச் சொல்லும்போது சங்கதி மாதிரி உடைத்து உடைத்துத்தான் எழுதியிருக்கிறார். மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. ஆக அவர் கோபம் உடைப்பதன் மேல் இல்லை, 'கண்மூடித்தனம்' மேல். லாக்ரிமேயின் சங்கதிகளில் அந்த இறங்கும் வரி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டத்தில் மயங்கி அதைத் தொலைத்தால் போச்சு. எனக்கு இன்னும் மூன்றாவது பகுதியில் தொலைகிறது.

வலதுகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய முறையில் கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் ஒதுக்கி, சுண்டுவிரலைப் பலகையில் ஊன்றி, கட்டைவிரல் கீழ்நோக்கியும் ஆள்காட்டி விரல் மேல்நோக்கியும் மாறி மாறி மீட்டுவார்கள். முன்பு இறகால் மீட்டியதன் மிச்சம் இது. கட்டைவிரல் அடி கனமாக விழும், ஆள்காட்டி விரலின் அடி லேசாக. டாப்லேச்சரில் எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் ஆள்காட்டி விரல் என்று பொருள். டௌலண்ட் ஆரம்பத்தில் இப்படித்தான் வாசித்தார் என்றும், பிறகு கட்டைவிரலை வெளியே நீட்டுகிற புதிய முறைக்கு மாறினார் என்றும் ஒரு ஜெர்மன் கையெழுத்துப்படி மூலம் தெரிகிறது.

கிடாரில் பத்து வருஷம் என் பயிற்சி எல்லாம் இரண்டு விரலும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும் என்பதற்காக. லூட்டில் அந்தச் சமத்துவத்தை மறக்கவே ஒன்றரை வருஷம் பிடித்தது. கனம், லேசு, கனம், லேசு. இது நடப்பது போன்ற ஒன்று, பேசுவது போன்ற ஒன்று. 'அம்மா' என்று சொல்லும்போது இரண்டு அசையையும் ஒரே அழுத்தத்தில் சொல்கிறோமா? நான் தையல் மெஷினாக இருந்ததற்குப் பாதிக் காரணம் என் உள்ளத்து வறட்சி என்று நினைத்திருந்தேன். விரல்கள் ரொம்ப ஒழுங்காக இருந்ததுதான் காரணம்.

போன செப்டம்பரில் எங்கள் மாதிரி அமெச்சூர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒரு தேவாலயக் கூடத்தில் கூடி, ஆளுக்கு ஒன்றாக வாசித்தோம். நான் லாக்ரிமே. கை நடுங்கினாலும் பரவாயில்லாமல் போனது என்று நினைத்தேன். தேநீர் நேரத்தில் எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மையார், அவரும் லூட் வாசிப்பவர்தான், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ரொம்ப அழகாக இருந்தது. எல்லாக் கார்ட்டையும் கீழிருந்து மேலாகப் பிரித்துப் பிரித்து உருட்டினீர்கள். அதில் எது முக்கியமானது என்றுதான் எனக்குத் தெரியவில்லை" என்றார். பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வருகிற ரயிலில் முழுக்க அதுதான் ஓடியது. கார்ட்டை உருட்டினால் தித்திப்பாக இருக்கும், லூட்டில் அது சுலபம், கை தானாகப் போகும். முதல் கார்ட்டை உருட்டலாம். பத்தாவதையும் உருட்டினால்? ஜி-யை வெட்டியதும் கைதான், கார்ட்டை உருட்டியதும் கைதான். நான் எதையும் முடிவு செய்யவே இல்லை. மறுநாள் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் பகுதியில் உருட்டுவதற்கு இரண்டே இரண்டு இடங்களை அனுமதிப்பது என்று வைத்துக்கொண்டேன். எந்த இரண்டு என்பதில் மூன்று வாரம் போனது. இப்போது ஒன்று நிச்சயம், மற்றது இன்னும் இடம் மாறிக்கொண்டிருக்கிறது.

இத்தாலிய எழுத்தாளர் காஸ்தில்யோனேயின் அரசவையாளர் நூலை (1528-ல் வெனிஸில் வந்தது) இந்தச் சமயத்தில்தான் திரும்பப் படித்தேன். எதையும் அலட்டிக்கொள்ளாமல், பிரயாசை வெளியே தெரியாமல் செய்வதுதான் நயம் என்று அதில் வரும் பேச்சு பிரசித்தம். அதற்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று இசையிலிருந்து. முழு இணக்கமான இசைவுகளையே ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் காதுக்குத் திகட்டுகிறது, பாவனையாகத் தெரிகிறது என்கிறார். அதனால்தான் தனியாகக் கேட்டால் தாங்க முடியாத இரண்டாம் இடத்து உரசலையும் ஏழாம் இடத்து உரசலையும் காது பல சமயம் விரும்புகிறதாம்.

இரண்டாம் இடத்து உரசல் என்றால் அடுத்தடுத்த ஸ்வரங்கள் உரசுவது. ஜி-யும் எஃப்பும். புத்தகத்தை மூடிவிட்டு லூட்டை எடுத்தேன்.

நேற்று ராத்திரி மனைவி கேட்டதற்காகவே ஐந்தாவதையும் வாசித்தேன், மேல்வரியை மட்டும். நாலாவது ஸ்வரமான டி, இரண்டாவது தந்தியில் வெறுமனே ஒலிப்பது. அங்கிருந்து வரி சட்டென்று ஆறு படி மேலே தாவி முதல் தந்தியின் மூன்றாவது மெட்டில் பி-ஃப்ளாட்டில் ஏறும். மறுபடி நாலு படி இறங்குவதற்காகத்தான். மறுபடியும் அதே கேள்விதான், கீழே டி ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்தத் தடவை மேலே வந்து உட்கார்ந்தது அதோடு உரசவில்லை. விரலை அதன் பக்கம் கொண்டுபோகாமல் இருந்தேன். அது பாட்டுக்கு ஒலித்தது.

"இது நல்லா இருக்கே" என்றாள் சமையலறையிலிருந்து. "அப்ப ஆறாவது?"